சாயாமுடி வேந்தரின் மேசை விளிம்பு

மருதவேலி நாட்டு மன்னருக்குச் ‘சாயாமுடி வேந்தர்’ என்று பட்டம். அந்த அரண்மனையில் பல்லக்கும் உண்டு, கம்ப்யூட்டரும் உண்டு. எந்தக் காலத்து அரசு என்று என்னைக் கேட்காதீர்கள். முட்டாள்தனம் எல்லாக் காலத்திலும் நடக்கும்.

பட்டம் கொடுத்தவர் தலைமை அமைச்சர் நாகமாணிக்கம். கொடுத்த கையோடு ஒரு சட்டமும் போட்டார். அரண்மனைக்குள் எதுவும் சாயக்கூடாது. ‘சாய்’ என்ற சொல்லையே யாரும் வாயால் சொல்லக்கூடாது. மீறினால் நாடு கடத்தல். சாய்வு நாற்காலிக்குப் ‘பின்பக்கம் நிமிர்ந்த நாற்காலி’ என்று புதுப்பெயர் வைத்தார்கள். ‘பொழுது சாய்ந்தது’ என்று வாய் தவறிச் சொன்ன நாழிகைக்காரர் மூட்டை முடிச்சோடு எல்லை தாண்டினார்.

இந்த லட்சணத்தில் மன்னருக்கு ஒரு சங்கடம் வந்தது. விருந்து மேசையின் விளிம்பு தொப்பையில் குத்தியது. செங்கமலத்தைச் சபைக்குக் கூப்பிட்டனுப்பினார். கணினி சொன்னபடி பலகை வெட்டும் ரூட்டர் எந்திரத்தை அரண்மனையில் ஓட்டுபவள் அவள்தான்.

“செங்கமலம், விளிம்பு எனக்கு இப்படி வேண்டும்” என்று மன்னர் கையை மேலிருந்து கீழே வழித்துக் காட்டினார்.

“எப்படி மகாராஜா?”

“அதுதான்... மேலே ஆரம்பித்து... கீழே போய்... உனக்குத் தெரியாதா!”

“தெரிகிறது மகாராஜா. சொல்லத்தான் பயமாக இருக்கிறது.”

“ஒரு சாண் அகலத்துக்கு வேண்டும்.”

செங்கமலம் மனதுக்குள் எந்திரத்தை ஓட்டிப் பார்த்தாள். எந்திரத்தின் வெட்டுமுனை செங்குத்தாக நிற்கும். மேலே கீழே போகும், பக்கவாட்டில் ஓடும், தலையை மட்டும் திருப்பாது. கூம்பு முனை மாட்டலாம்தான். அது கட்டைவிரல் அகலத்துக்கு மேல் வெட்டாது. வேறு ஊர் என்றால் பலகைக்கு அடியில் ஆப்பு வைத்துச் சாய்த்துவிட்டு வெட்டுவார்கள்.

எந்திரக் கொட்டகையில் தன் மைத்துனனை உட்கார வைக்க நாகமாணிக்கத்துக்கு நெடுநாள் ஆசை. இதுதான் சமயம் என்று எழுந்தார்.

“அம்மா செங்கமலம், ஆப்பு கீப்பு வைத்துப் பலகையை... ம்... நிமிர்வு குறைக்கலாம் என்று நினைக்காதே. மூன்று நாளில் முடியவில்லையா, கொட்டகைச் சாவியைக் கொடுத்துவிடு. பலகையோ முனையோ துளி நிமிர்வு தப்பியதா, நாட்டை விட்டே போய்விடு!”

மன்னர் தொப்பையைத் தடவியபடி தலையாட்டிவிட்டார்.

செங்கமலத்துக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பன்னிரண்டு வருஷமாகக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட கொட்டகை. அந்த மைத்துனனுக்கோ ஆணிக்கும் திருகாணிக்கும் வித்தியாசம் தெரியாது. விடுவிடுவென்று போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தாள்.

மூன்று நாளும் எந்திரம் ஓயாமல் ஓடியது. அமைச்சர் தூக்குக்குண்டும் கையுமாக வாசலிலேயே நின்று அளந்து பார்த்தார். பலகை மட்டமாகவே கிடந்தது. முனை நெட்டுக்குத்தாகவே நின்றது. அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

நாலாம் நாள் மேசை சபைக்கு வந்தது. விளிம்பு ஒரு சாண் அகலத்துக்கு அழகாக வழிந்து இறங்கியிருந்தது. மன்னர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தொப்பை சொகுசாகப் படிந்தது.

“ஆஹா!” என்றார்.

நாகமாணிக்கம் துள்ளி எழுந்தார். “ஏமாறாதீர்கள் மகாராஜா! இது சாய்வு! பச்சையான சாய்வு! ஒரு சாண் அகலச் சாய்வு!”

சொன்னது உறைத்ததும் அமைச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். மூன்று தடவை சொன்ன பிறகு பொத்தி என்ன பயன்?

“மேசையில் அப்படி எதுவும் இல்லை மகாராஜா” என்றாள் செங்கமலம். “நகத்தால் கீறிப் பாருங்கள்.”

மன்னர் கீறினார். கிர்ர்ர் என்றது.

“அறுநூறு படி மகாராஜா. ஒவ்வொன்றும் மட்டம், ஒவ்வொன்றும் செங்குத்து. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முனையை இம்மி வெளியே நகர்த்தினேன், இம்மி கீழே இறக்கினேன். தள்ளி நின்று பார்த்தால் அமைச்சர் சொன்ன மாதிரி தெரியும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருப்பேன். சாட்சி அழிந்துவிடுமே என்று விட்டுவைத்தேன்.”

மன்னர் மறுபடியும் ஒருமுறை கீறிப் பார்த்தார். “இந்த வித்தையை எங்கே கற்றாய்?”

“இந்தச் சபையில்தான் மகாராஜா. பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிறேன். இங்கே யாரும் ஒரே நாளில் குப்புற விழுந்ததில்லை. நாளுக்கு இம்மி, நாளுக்கு இம்மியாகத்தான் எல்லோரும் இவ்வளவு கீழே இறங்கியிருக்கிறோம்.”

மன்னர் ஒரு கணம் முறைத்தார். பிறகு தொப்பை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்த பிறகு சபையும் சிரித்தது. சட்ட ஓலையை அங்கேயே கிழித்தெறிந்து, கொட்டகை ஆயுள் முழுவதும் செங்கமலத்துக்கே என்று அறிவித்து, கழுத்து முத்துமாலையையும் கழற்றிக் கொடுத்தார்.

நாகமாணிக்கம் நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தார். “மகாராஜா, என்னை நாடு கடத்திவிடாதீர்கள்!”

“சேச்சே, பயப்படாதீர்” என்றார் மன்னர். “உம்மை ஒரேயடியாகச் சாய்த்துவிட மாட்டேன். படிப்படியாகத்தான். இன்றைக்கு உம் அமைச்சர் பதவிக் குடையை மட்டும் கொடுத்துவிட்டுப் போம்.”