நாலு விரல் அளவு

விசில் ஊதியே பிழைத்தவர் ஞானசிகாமணி. தக்கலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். அவர் ஊதினால் மைதானத்துக் காக்கைகூட வரிசையில் நிற்கும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். ஓய்வு பெற்ற கையோடு அவர் வர்ம வைத்தியம் படிக்கக் கிளம்பினார்.

காரணம் மனைவி தெரசம்மாள். வலது தோள் இறுகிப்போய், கையைத் தூக்கித் தலை பின்ன முடியாமல் இருந்தாள். லீலாபாய் ஆசானிடம் வைத்தியம் நடந்துகொண்டுதான் இருந்தது. தோள் மெதுவாக இளகியும் வந்தது. அந்த மெதுவைத்தான் ஞானசிகாமணியால் பொறுக்க முடியவில்லை. தானே கற்று, தன் கையாலேயே அவளைக் குணமாக்கிவிட வேண்டும் என்று நினைத்தார். நல்ல ஆசைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

லீலாபாய் அவருடைய பழைய மாணவி. அந்த விசிலுக்குப் பயந்து மைதானத்தைச் சுற்றி ஓடியவள். இப்போது அவர் அவளை ஆசான் என்கிறார், அவள் இன்னும் அவரை சார் என்கிறாள்.

முதல் நாளே அவள் சொல்லிவிட்டாள்.

"சார், நான் சொல்லுதது வரைக்கும் அடுத்தவிய உடம்புல விரல் வைக்கக் கூடாது. உங்க உடம்புலயே படியுங்க."

படித்தார். முழங்கை மடிப்பிலிருந்து நாலு விரல் மேலே ஒரு புள்ளி. கணுக்காலின் உள்பக்கம் மூணு விரல் மேலே ஒரு புள்ளி. விரலை வைத்து அளந்து, அந்த இடத்தில் அமுக்கினால் சுரீரென்று ஒரு ஓட்டம் போகும். போனால் சரியான இடம். அவருக்கு ஒவ்வொரு முறையும் போனது.

"ஆசானே, அடுத்தவிய உடம்பு எப்போ?"

"உங்க உடம்பு முடியட்டு சார்."

"முடிஞ்சாச்சு. ஒரு தடவகூட தப்பல்ல."

லீலாபாய் எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். மறுநாள் காலையில் லீலாபாய் வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஞானசிகாமணி முதலில் இறங்கினார். முகத்தில் ஈயாடவில்லை. பின்னால் தெரசம்மாள் இறங்கினாள். நேற்று வரை பாதியாவது உயர்ந்த வலது கை இன்று துணிபோலத் தொங்கியது.

"தொட்டா தெரியல்ல," என்றார் ஞானசிகாமணி. "விரலு மடங்கல்ல. நான்தான், நேத்து சாயங்காலம்..."

லீலாபாய் அவரைப் பார்க்கவே இல்லை.

"அக்கா, இப்பிடி இருங்க. எங்க அமுக்கினாரு?"

"இங்கன," என்று தெரசம்மாள் இடது கையால் காட்டினாள். முழங்கைக்கு மேலே கன்றிச் சிவந்திருந்தது.

லீலாபாய் அந்த இடது கையையே பிடித்தாள். அதன் நாலு விரல்களையும் சேர்த்து, வலது முழங்கை மடிப்புக்கு மேலே படுக்க வைத்தாள். சிவந்த இடம் இன்னும் ஒரு விரல் மேலே இருந்தது. நாலாவது விரல் முடிந்த இடத்தில் தன் பெருவிரலை வைத்தாள். அமுக்கினாளா இல்லையா என்றே தெரியவில்லை. பிறகு எண்ணெய் தொட்டுத் தோளிலிருந்து விரல்நுனி வரை உருவிவிட்டாள். திரும்பத் திரும்ப உருவினாள். ஒரு துண்டை எடுத்து அந்த வலது கையில் வைத்தாள்.

"பிடியுங்க."

துண்டு கீழே விழுந்தது.

ஞானசிகாமணி குனிந்து எடுத்துக் கொடுத்தார். மறுபடி விழுந்தது. மறுபடி எடுத்தார். இந்தக் கை வராமலே போனால், அவள் ஒவ்வொரு முறை சோற்றில் இடது கை வைக்கும்போதும் அதைப் பார்த்துக்கொண்டுதான் சாக வேண்டும் என்று நினைத்தார்.

உருவிக்கொண்டே இருந்தாள் லீலாபாய். வெயில் முற்றத்துக்குள் வந்த பிறகு தெரசம்மாளின் சுண்டுவிரல் அசைந்தது. அப்புறம் மற்ற விரல்கள். துண்டு விழாமல் நின்றது.

ஞானசிகாமணி சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதார்.

"நாலு விரலுதானே ஆசானே," என்றார் பிறகு. "அளந்துதான் வச்சேன்."

"யாருக்க விரலு?"

அவர் தன் கையை விரித்துப் பார்த்தார். பந்து பிடித்துப் பிடித்துத் தடித்த விரல்கள்.

"எனக்க விரலு."

"உங்க உடம்புல உங்க விரலு தப்பாது சார்."

அவருக்குக் கோபம்கூட வந்தது.

"இத முன்னாலயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

பதில் தெரசம்மாளிடமிருந்து வந்தது.

"நான் சொன்னேன். அங்க இல்ல, இன்னும் கீழன்னு சொன்னேன். சும்மா இரி, அளந்தாச்சுன்னிய."

மீன் விலை சொல்வதுபோலத்தான் சொன்னாள். துண்டை விடாமல் பிடித்திருந்தாள்.

ஞானசிகாமணி எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து மூடி வைத்தார்.

"இனி நான் படிக்க வரலாமா ஆசானே?"

"வாருங்க."

"இவ உடம்புல கை வைக்க எனக்கு எப்ப உத்தரவு தருவிய?"

லீலாபாய் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்தாள்.

"அது எங்கிட்ட இல்ல சார்."

"பின்ன?"

"யாருக்க கையோ, அவியகிட்ட கேளுங்க."

ஞானசிகாமணி மனைவியின் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார். எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

தெரசம்மாள் காத்திருந்தாள்.