பத்துப் பேர் கல்யாணம்

கருவேலங்காட்டில் வேலான் என்ற முள்ளெலி இருந்தது. யார் எதைக் கேட்டாலும் "முடியாது" என்று சொல்ல அதற்கு வாய் வராது. அதன் மனைவி பெயர் குன்றி. ஒரே மகள் தும்பை.

தும்பைக்கு ஓடையின் அக்கரையில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். மழைக்காலம் கழிந்து கல்யாணம் என்று பேச்சு. ஆனால் ஒருநாள் காலையில் மாப்பிள்ளையின் அப்பா நெருஞ்சி, ஓடைக் கற்களைத் தாண்டி மூச்சிரைக்க ஓடிவந்தது.

"சம்பந்தி! எறும்பெல்லாம் முட்டையைத் தூக்கிக்கிட்டு மேட்டுக்குப் போகுது. இந்த வருஷம் மழை முந்திக்கிச்சு. எங்க வளை தாங்காது. நாளை மறுநாள் நாங்க மலைக்குக் குடிபோறோம். போனா பங்குனிக்குத்தான் திரும்புவோம். அதுக்குள்ள கல்யாணத்தை முடிச்சிடலாமா?"

"ரெண்டே நாள்லயா?" என்று வேலான் திகைத்தது.

"பெரிசா எதுவும் வேண்டாம். நாளை மறுநாள் சூரியன் கிளம்புற நேரம். ஓடைக்கரைப் புளியமரத்தடி. ரெண்டு பக்கமும் சேர்த்துப் பத்துப் பேர் போதும். மாலை மாத்தின கையோட நாங்க கிளம்பிடணும். ஓடை பெருகிட்டா அப்புறம் யாரும் தாண்ட முடியாது!"

"சரி, சம்பந்தி!" என்றது வேலான்.

தும்பைக்கும் சந்தோஷம்தான். அம்மாவும் பெண்ணும் ஆவாரம்பூ பறிக்கப் போனார்கள். வேலான் ஒரு மைனாவைக் கூப்பிட்டு, அணிலுக்கும் உடும்புக்கும் மயிலுக்கும் சொல்லிவிட்டு வரச்சொன்னது. அவர்கள்தான் அக்கம்பக்கம். அதோடு நிறுத்திக்கொள்வதாகத்தான் எண்ணம்.

மைனா போன வேகத்தில் அணில் வந்து நின்றது.

"என்ன மச்சான் இது! யாராவது புளியமரத்தடியில கல்யாணம் வைப்பாங்களா? அந்த நிழல் நல்லதுக்கு ஆகுமா? அரசமரம் எதுக்கு இருக்கு? அங்க வை. என் வீட்டு ஆளுங்க பதினஞ்சு பேரும் வந்து நின்னு நடத்திக் குடுக்குறோம்!"

வேலான் யோசித்தது. ஒரே பெண். அதன் கல்யாணத்தில் ஒரு குறை வரலாமா?

"சரி, மச்சான். அரசமரமே இருக்கட்டும்!"

மைனா மறுபடி பறந்தது. சற்று நேரத்தில் உடும்பு ஆடி அசைந்து வந்தது.

"அரசமரத்தடின்னு மைனா சொல்லுது. வேர் முழுக்கச் செவ்வெறும்புப் புற்று! வந்தவங்க உட்காரவா, சொறியவா? பேசாம என் வழுக்குப்பாறைக்கு வாங்க. இடம் தாராளம். நான் சொன்னா கேக்கமாட்டியா?"

கேட்காமல் இருக்க முடியுமா? உடும்பு காட்டிலேயே மூத்தது. கோபம் வந்தால் ஒரு வருஷம் பேசாது.

"சரிங்கண்ணே, பாறையே நல்ல இடம்!"

மைனா மூன்றாம் முறை பறந்தது. மறுநாள் மாலை மயில் தோகையை இழுத்துக்கொண்டு வந்தது.

"கல்யாணத்துல நான் ஆடவேண்டாமா? மேகம் கூடினாத்தான் எனக்குக் கால் எழும்பும். விடியக்காலையில ஏது மேகம்? சூரியன் நல்லா மேல ஏறட்டும். அப்பத்தான் முகூர்த்தம்!"

"சரி... ஏறட்டும்" என்றது வேலான். சொல்லும்போதே அதன் குரல் இறங்கியது.

அன்று பொழுது சாய்வதற்குள் காட்டில் பெரிய குழப்பம். அணில் வீட்டார் அரசமரத்தடியைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். உடும்பு பாறையைத் துடைத்துக்கொண்டிருந்தது. தவளைகள் கூப்பிடாமலே வந்து, "எங்க நிக்கணும்? எப்பப் பாடணும்?" என்று வழியில் போகிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தன. மைனா சிறகு தொங்க ஒரு கிளையில் உட்கார்ந்திருந்தது.

"யாருக்கு எதைச் சொன்னேன், எதை மாத்திச் சொன்னேன், ஒண்ணும் ஞாபகம் இல்ல!" என்று அது கத்தியது. "என்னை இனிமே கூப்பிடாதீங்க!"

வேலானுக்கும் தலை சுற்றியது. பாறைதானே கடைசியாகச் சொன்னது? இல்லை, அணிலிடம் அதைச் சொல்லவில்லையோ? சூரியன் கிளம்பும்போதா, ஏறியபிறகா? யோசிக்க யோசிக்க எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டது.

"அப்பா, கல்யாணம் எங்கேப்பா?" என்று தும்பை கேட்டது.

"பாறையில, தாயி. அதாவது... அரசமரத்துல ஆரம்பிச்சு... நீ தூங்கு, அப்பா பார்த்துக்குறேன்."

மறுநாள் விடியும்போதே வானம் மூடிக்கிடந்தது. குன்றி மாலைகளை இலையில் பொதிந்து எடுத்தது.

"என்னங்க, இத்தனை தடவை இடத்தை மாத்தினீங்களே, மாப்பிள்ளை வீட்டுக்குச் சொன்னீங்களா?"

வேலான் விழித்தது. "மைனா சொல்லியிருக்கும்."

"மைனா ஓடையைத் தாண்டவே இல்லை. அவங்க புளியமரத்தடிக்குத்தான் வருவாங்க. நானும் தும்பையும் அங்க போறோம். நீங்களும் வந்திடுங்க!"

"நீங்க முன்னால போங்க. அணிலை ஒரு வார்த்தை கூப்பிட்டுட்டுப் பின்னாடியே வர்றேன். இல்லைன்னா தப்பா நினைச்சுக்குவாங்க."

"அப்பா, சீக்கிரம் வந்திடுங்க!" என்றது தும்பை.

"இதோ, ஒரே எட்டு!"

வேலான் அரசமரத்துக்கு ஓடியது. அங்கே அணில் வாலைத் தூக்கிக்கொண்டு குதித்தது.

"நாங்க ராத்திரியெல்லாம் பெருக்கியிருக்கோம். இப்ப வந்து புளியமரம்ங்கிறியே! எங்க இடத்தைக் குறை சொன்ன அந்த உடும்பு இங்க வந்து எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் வர்றோம்!"

வேலான் பாறைக்கு ஓடியது. உடும்பு கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"நான் அணில்கிட்டப் போய் நிக்கணுமா? கல்யாணத்தை இங்க கொண்டா. இல்லைன்னா நான் இல்லை!"

"கோவிச்சுக்காதீங்கண்ணே! பொண்ணு வீட்டுக்காரன் நான், என் நிலைமையைப் பாருங்க!"

அரை நாழிகை கெஞ்சியபிறகு உடும்பு மெல்ல எழுந்தது. அதற்குள் மயில் வழிமறித்தது. "நான் வராம மாலை மாத்திடமாட்டீங்களே?" வேலான் மயிலைச் சமாதானம் செய்தது. பிறகு மறுபடி அணிலிடம் ஓடியது. "தப்பு உடும்பு மேலதான்" என்று அணிலுக்குச் சொன்ன சமாதானம் உடும்பின் காதில் விழுந்தது. உடும்பு முறுக்கிக்கொண்டு பாறைக்கே திரும்பி நடந்தது.

அப்போது மழையின் முதல் துளி வேலானின் மூக்கில் விழுந்தது.

அது அப்படியே நின்றது. மலைப்பக்கம் கன்னங்கரேலென்று இருந்தது. அங்கே மழை எப்போதோ தொடங்கியிருக்க வேண்டும். மலையில் பெய்தால் ஓடையில் வெள்ளம் வர எவ்வளவு நேரம் ஆகும்?

"தும்பை!" என்று அலறிக்கொண்டு வேலான் ஓடியது. அணில் கூப்பிட்டது. மயில் கூப்பிட்டது. வேலான் திரும்பவில்லை. முட்செடிகள் கிழித்தன. குட்டைக் கால்கள் சேற்றில் வழுக்கின. உருண்டு விழுந்து, எழுந்து, மறுபடி ஓடியது.

புளியமரத்தடியில் குன்றி மட்டும் நனைந்துகொண்டு நின்றது. தரையில் நாலைந்து ஆவாரம்பூக்கள் உதிர்ந்து கிடந்தன. ஓடைக் கற்கள் ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. செந்தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது.

அக்கரை மேட்டில் நாலு முள்ளெலிகள். இரண்டின் கழுத்தில் மஞ்சள் மாலை.

"தும்பை! அப்பா வந்துட்டேன்!"

தும்பை முன்காலைத் தூக்கி ஏதோ சொன்னது. தண்ணீர் இரைச்சலில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. நெருஞ்சி மலைப்பக்கம் பார்த்து அவசரப்படுத்தியது. தும்பை இரண்டடி நடந்தது, திரும்பிப் பார்த்தது. மறுபடி நடந்தது. பிறகு புதர் மறைத்துவிட்டது.

வேலான் வெகுநேரம் அந்தப் புதரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் காத்திருக்கக் கூடாதா?" என்று கடைசியில் கேட்டது.

"காத்திருந்தோம்" என்றது குன்றி. "முதல் கல் முழுகுற வரைக்கும் உங்களுக்காகக் காத்திருந்தாங்க. ரெண்டாவது கல்லும் முழுகப் போகவேதான் மாலை மாத்தினாங்க. நம்ம பொண்ணு கல்லு மேல ஏறின பிறகும் காட்டுப் பக்கமே பார்த்துக்கிட்டு இருந்தா."

"கையைப் பிடிச்சுக் குடுத்தது யாரு?"

"நான்தான்."

வேலானின் முட்கள் எல்லாம் படிந்தன. அந்த நேரத்தில் அணில் கூட்டமும் உடும்பும் மயிலும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்து சேர்ந்தன.

"என்ன, முடிஞ்சிட்டதா? எங்களை விட்டுட்டா?" என்று எல்லோரும் ஒரே குரலில் கேட்டார்கள். "இனிமே உன் வீட்டுப் படி மிதிப்போமா?"

அவர்கள் கோபித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள். வேலான் யாரையும் தடுக்கவில்லை. குன்றியின் பக்கத்தில் மழையிலேயே உட்கார்ந்துகொண்டது.

ஊரார் அத்தனை பேர் மனமும் கோணாமல் நடக்க ஓடுகிறவன், தன்னை நம்பிக் காத்திருப்பவர்களைத்தான் கைவிடுவான்.