பாறையில் இருந்த சொக்கி

காட்டுக் குளத்தில் சொக்கி என்ற சொறித்தவளை தன் புருஷனோடு வாழ்ந்து வந்தது. ஒருநாள் நரி ஒரு குரங்கைக் கூட்டிக்கொண்டு வந்தது.

"சொக்கி அக்கா! உங்களைப் பாறையில படமா வரையப்போறோம். அசையாம உட்காருங்க, ஒரு பிடி ஈசல் தர்றேன்!"

சொக்கிக்குத் தலைகால் புரியவில்லை. கால் மரத்துப்போகும்வரை உட்கார்ந்திருந்தது. பிறகு ஈசலைத் தின்னப் போய்விட்டது.

அது போனதும் நரி குரங்கை நெருக்கியது. "உடம்புல இருக்கிற சொறியை எல்லாம் அழி! இடுப்பை ஒடுக்கு! கண்ணைப் பெருசாக்கு!"

"அப்போ இது சொக்கியே இல்லையே!"

"வாயை மூடிக்கிட்டு வரை!"

மறுநாள் பாறையடியில் ஒரே கூட்டம். "மினுக்குப் பிசின்! பூசினா சொக்கி மாதிரி ஆகலாம்! ஒரு பூச்சுக்கு ஒரு நண்டு!" என்று நரி கூவியது.

படத்தைப் பார்த்த சொக்கி பூரித்துப்போனது. பிறகு தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்தது. அதே சொறி, அதே தடித்த இடுப்பு.

பாறையை விட்டுக் கண்ணெடுக்காமல் புருஷன் கேட்டது: "நீ ஏன்டி இப்படி இல்ல?"

சொக்கிக்கு நெஞ்சில் முள் தைத்தது. ஒரு நண்டைப் பிடித்துக்கொண்டு நரியிடம் ஓடியது.

"எனக்கும் பூசு!"

"அந்தப் படமே நீங்கதானே அக்கா!"

"நானேதான். அதனாலதான் அவமானமா இருக்கு."

நரி முதலில் நண்டை வாங்கி வாயில் போட்டுக்கொண்டது. பிறகுதான் பூசியது. வெட்கம் கெட்ட நரி!

சொக்கி பளபளத்தது. ஆனால் வெயில் ஏறியதும் பிசின் இறுகியது. தவளைக்குத் தோல்தான் தண்ணீர் குடிக்கும், தோலும் மூச்சு வாங்கும். சொக்கியின் தோலில் ஊசி நுழையக்கூட இடமில்லை. குளத்தில் குதித்தும் தாகம் அடங்கவில்லை.

"மூச்சு முட்டுதுங்க! உரிச்சு விடுங்க!"

"கொஞ்சம் பொறுடி! இப்பத்தான் பார்க்க நல்லா இருக்கே!" என்றது புருஷன்.

பொழுது சாய்வதற்குள் சொக்கி செத்துப்போனது.

குரங்கு நரியிடம் ஓடிவந்தது. "படத்தை அழிச்சிடலாமா?"

"எதுக்கு? செத்தது சொக்கிதானே, படம் நல்லாத்தானே இருக்கு!"

அடுத்த நாள் பாறையடியில் வரிசை இன்னும் நீண்டிருந்தது. எல்லோருக்கும் முன்னால், கையில் நண்டோடு சொக்கியின் புருஷன் நின்றது, பக்கத்தில் புதுப் பெண்டாட்டி.

இல்லாத அழகைப் படமாக்கி விற்பவனை நம்பினால், இருக்கிற உயிரைத்தான் விலையாகக் கொடுக்க வேண்டிவரும்.