சில்லாற்றுப் பறியும் முத்திரையாரும்

ஒரு ஆனி மாதத்தில், மலையடிவாரத்துச் சில்லாற்றங்கரையில் மீன்துறை ஆபீஸ் மேசை ஒன்று வந்து உட்கார்ந்தது. மேசை மேல் முத்திரையார் உட்கார்ந்தார். கட்டைத் தலை, ரப்பர் முகம். பக்கத்தில் அவர் வீட்டுக்காரி மைப்பெட்டி. அவள் மேல் ஒரு தடவை முகத்தை ஒற்றி எடுக்காவிட்டால் அவருக்கு ஒரு வார்த்தையும் வராது.

அந்த ஆற்றில் ஒரு பறி இருந்தாள். பறி என்றால் மீன் பிடிக்கிற மூங்கில் கூடை. வாய் அகலம், கழுத்து ஒடுக்கம். உள்ளே போன மீனுக்குத் திரும்பி வர வழி தெரியாது. மலைமேல் குடியிருக்கும் மசணி என்பவள் பின்னியது. மசணியின் சனங்கள் தலைமுறை தலைமுறையாக அதே பாறை இடுக்கில்தான் பறி வைக்கிறார்கள்.

பறி நல்ல பக்திக்காரி. தண்ணீரில் இறங்குமுன், "சாமி, இன்னைக்குச் சட்டிக்கு வேண்டியதை மட்டும் அனுப்பு, மிச்சத்தை நீயே வெச்சுக்கோ" என்று கும்பிட்டுவிட்டுத்தான் இறங்குவாள். புதுத் தண்ணீர் வருகிற நாட்களில் மட்டும் இறங்கவே மாட்டாள். சினை மீன்கள் முட்டை போட மேலே ஏறுகிற நேரம் அது. மசணி அவளைக் கழற்றிக் கரையில் நிற்கிற மருத மரத்தில் மாட்டிவிடுவாள்.

அப்படித் தொங்கிக்கொண்டிருந்தபோதுதான் முத்திரையார் கண்ணில் பட்டாள்.

"யாரது மரத்துல? லைசென்ஸ் இருக்கா?"

"எதுக்குங்க லைசென்ஸ்? சும்மாதானே தொங்குறேன்."

"தொங்குறதுக்கு அப்புறம் பார்த்துக்கலாம். மீன் பிடிக்கிறதுக்கு இருக்கா?"

பறி மரத்தை விட்டு இறங்கி வந்து பணிவாக நின்றாள். முத்திரையார் ஒரு விண்ணப்பத்தை எடுத்து விரித்தார்.

"தகப்பன் பேர்?"

"மூங்கில் புதருங்க."

"எந்தப் புதர்? கதவு எண் சொல்லு."

"புதருக்குக் கதவு ஏதுங்க?"

"கதவே இல்லாத வீட்டுலேர்ந்து வந்திருக்கே!" என்று முத்திரையார் உச்சுக் கொட்டினார்.

மேசைக்குப் பக்கத்தில் குவியலாகப் படுத்திருந்த தங்கூசி வலை கெக்கெக்கே என்று சிரித்தான். நைலான் உடம்பு, கண்ணுக்கே தெரியாத நூல். கழுத்தில் புத்தம் புது லைசென்ஸ் அட்டை தொங்கியது. "ஏ ஓட்டைக் கூடை! உனக்கெல்லாம் எதுக்கு ஆத்துல சோலி? போய் யார் வீட்டுலயாவது கோழியை மூடு போ" என்றான்.

"லைசென்ஸ் இல்லாத சாதனம் பறிமுதல்" என்றார் முத்திரையார். "பறிமுதல் ஆனது, சாயங்காலம் டீ அடுப்புக்கு. அவளோட பாறை இடுக்கு இனிமே தங்கூசிக்கு."

அடுப்பில் போவதைக்கூடப் பறி தாங்கிக்கொள்வாள். அந்த இடுக்கு போய்விட்டால் மசணியின் சனங்கள் எங்கே போவார்கள்?

"அய்யா, எங்களுக்கு அந்தக் காலத்து ராசாவோட பேசி எழுதின பட்டயம் இருக்குதுங்க" என்றாள்.

மசணி வீட்டுக் கூரையில் செருகியிருந்த செப்பேட்டுப் பெரியவர் தட்டித் தடுமாறி மலையிறங்கி வந்தார். உடம்பெல்லாம் பச்சைக் களிம்பு. கனைத்துக்கொண்டு தன் மேல் எழுதியிருந்ததைத் தானே படித்தார்: "இம்மலைக் குடிகள் தங்கள் கீழ்க்காட்டை நமக்கு விட்டுக் கொடுத்தபடியால், சில்லாறும் அதன் மீனும் சந்திர சூரியர் உள்ளவரை அவர்களுக்கே என்று நாம் ஒப்பி..."

"நில்லும் பெரியவரே. சந்திர சூரியர் உள்ளவரைன்னா எந்தத் தேதி வரைக்கும்?"

"தேதியா? அதுங்க இருக்கிற வரைக்கும்தான்."

"இன்னும் இருக்காங்கன்னு என்ன அத்தாட்சி? பென்ஷன்காரங்களே வருஷம் தவறாம நேர்ல வந்து, உயிரோட இருக்கேன்னு காட்டிட்டுப் போறாங்க. இந்த ரெண்டு பேரும் எத்தனை வருஷமா காட்டலே? இப்பவே கூப்பிடுறேன். சூரியன்! சூரியன்! சூரியன்!"

வானம் கன்னங்கரேல் என்று இருந்தது. ஒரு இடி மட்டும் இடித்தது.

"ஆஜர் இல்லை. சந்திரன்! சந்திரன்! சந்..."

"என்னங்க, இன்னைக்கு அமாவாசைங்க" என்றாள் மைப்பெட்டி மெதுவாக.

"லீவு லெட்டர் கொடுத்திருக்கானா?"

"இல்லீங்க."

"அப்போ ரெண்டு பேரும் இல்லை. பட்டயம் செல்லாது!" தொப்பென்று செப்பேட்டின் முதுகில் குத்தினார். பெரியவர் கணீர் என்று ஒரு தடவை அதிர்ந்துவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தார்.

தங்கூசி தன் வால் கயிற்றால் பறியை மேசைக் காலோடு கட்டிவிட்டு, சீட்டியடித்துக்கொண்டே ஆற்றில் இறங்கி, அந்தப் பாறை இடுக்கை அடைத்து விரிந்து நின்றான்.

அப்போது கரையோரத்தில் ஒரு சேல்கெண்டை தலை தூக்கினாள். வயிறு நிறைய முட்டை; பேச்சை விட மூச்சுதான் அதிகம் வந்தது.

"அய்யா... அந்தத் தம்பியைக் கொஞ்ச நாளைக்கு எடுத்துடச் சொல்லுங்க. நாங்க ஒரு நூறு பேர்... மேலே போய் முட்டை போடணும்."

"முட்டை போடறதுக்குத்தான் சித்திரை வைகாசியில தடைக்காலம் விட்டாச்சே. அப்போ என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"சித்திரையில இந்த ஆத்துல கணுக்கால் தண்ணிகூட இருக்காதுங்களே! எங்கே போடறது, பாறை மேலயா?"

"கடல் மீனெல்லாம் ஒத்துக்கிச்சே!" என்றார் முத்திரையார். இங்கே வருவதற்கு முன்பு அவர் கடற்கரை ஆபீசில் இருந்தவர். வரும்போது அங்கிருந்த காலண்டரையும் சுருட்டி எடுத்து வந்திருந்தார். "அதுங்களுக்கு ஒரு சட்டம், உனக்கு ஒரு சட்டமா?"

"என்னங்க, அந்தக் காலண்டரை அங்கேயே விட்டுட்டு வாங்கன்னு நான் அப்பவே..."

"நீ சும்மா இரு. மை காயப்போகுது."

மை காயவில்லை. மலைமேல் பெய்த மழை அத்தனையும் ஒன்றாகச் சேர்ந்து, செக்கச் செவேல் என்று வந்து இறங்கியது. மேசை நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு மிதந்தது. மைப்பெட்டி வட்டமடித்தாள். முத்திரையார் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே போய், பாறை இடுக்கில் தங்கூசியின் மடியில் விழுந்தார். அங்கே சேல்கெண்டையும் அவள் கூட்டமும் ஏற்கெனவே செவுள் மாட்டித் துடித்துக்கொண்டிருந்தார்கள்.

"விடுடா! நான் மீன் இல்லே!"

"வர்றது எல்லாத்தையும் பிடிக்கலாம்னு நீங்கதானே முத்திரை அடிச்சுக் கொடுத்தீங்க? பிடிக்கத்தான் அய்யா எனக்குத் தெரியும். விடறதுக்கு யாரும் சொல்லித் தரலையே!" தங்கூசிக்கே அழுகை வந்துவிட்டது.

"கொஞ்சம் தள்ளிப் படுங்க, முட்டை நசுங்குது" என்றாள் சேல்கெண்டை.

"எனக்கு முகமே நசுங்குதும்மா!"

வெள்ளத்தில் கட்டு அவிழ்ந்து பறியும் வந்துகொண்டிருந்தாள். இடது பக்கம் ஒதுங்கினால் மசணி துணி துவைக்கிற ஓடை. போய்ப் படுத்துக்கொண்டால் அடுப்பும் இல்லை, விசாரணையும் இல்லை. அந்தப் பக்கம் பாதி திரும்பியும் விட்டாள். அதற்குள் சேல்கெண்டையின் வாய் திறந்து திறந்து மூடுவது தெரிந்தது.

"சாமி, என் விலா எவ்வளவு மெலிசுன்னு உனக்குத் தெரியாததில்லே. பார்த்துக்கோ" என்று கண்ணை மூடிக்கொண்டு நேரே போய் வலையில் முட்டினாள்.

படக்கென்று ஒரு மூங்கில் விலா முறிந்தது. முறிந்த சிம்பு குத்தி, வலை மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. "அய்யோ, என் உடம்பே போச்சே!" என்று தங்கூசி சுருண்டுபோய் ஒரு வேரில் தொங்கினான். மாட்டியிருந்தவர்கள் எல்லோரும் குபீர் என்று வெளியே வந்தார்கள்.

முத்திரையார் தவழ்ந்து ஏறிப் பாறை இடுக்கின் வாயில் உட்கார்ந்தார். முகத்தில் இருந்த மையெல்லாம் கழுவிப்போய், பிறந்த குழந்தை மாதிரி இருந்தார். பறி எதிர்ப்பாறையில் சாய்ந்து முறிந்த விலாவைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"பறியம்மா" என்றார் அவர். "உனக்கு ஆயுள் லைசென்ஸ் தர்றேன். தகப்பன் பேர்கூட வேண்டாம். கதவு எண்ணும் வேண்டாம்."

"வேண்டாங்க."

"ஏம்மா?"

"இன்னைக்கு நீங்க கொடுத்தா, நாளைக்கு நீங்களே எடுத்துக்கலாமில்லீங்களா? இது நீங்க கொடுத்து எங்களுக்கு வந்தது இல்லீங்க. கீழ்க்காட்டைக் கொடுத்த அன்னைக்கே பேசி முடிச்சது."

முத்திரையாருக்கு ஒன்றும் புரியவில்லை. பிறந்ததிலிருந்து அவரிடம் யாரும் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. "அப்போ நான் என்னதாம்மா செய்யட்டும்?"

"கொஞ்சம் தள்ளி உட்காருங்க. மீன் ஏறுற வழியில உட்கார்ந்திருக்கீங்க."

முத்திரையார் திரும்பிப் பார்த்தார். நூறு சேல்கெண்டைகள், வாயும் வயிறுமாக, அவர் முதுகுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள்.

யாருக்கும் எதையும் அடித்துக் கொடுக்காமல், அவர் நகர்ந்து உட்கார்ந்தார்.