ராக்காயி அளந்த மழை

கால நீட்டிப் படுட்டி. உம் கொட்டிக்கிட்டே கேக்கணும், என்ன? நீ பாட்டுக்குத் தூங்கிட்டேன்னா நான் செவுத்துக்குத்தான் கதை சொல்லணும்.

ஒரு கடலுக்கு நடுவுல ஒரு தீவு. தீவு ஒண்ணுதான், ஆனா மழை ஒண்ணு இல்ல. ஒசரத்துல மலையூரு. அங்க சோ... சோன்னு விடாமப் பெய்யும், ஒரு சேலை காயறதுக்கு நாலு நாளாவும். நடுவுல தோப்பூரு. அங்க சடசடன்னு அடிச்சிட்டு வெயில் வந்துரும். கடைக்கோடியில வெயிலூரு. அங்க மேகம் வரும், நிக்கும், போயிரும். இருக்கது ஒரே கெணறு, அதுவும் வாயில வைக்க முடியாத உப்பு. கேக்கியா? ம்.

அந்த வெயிலூர்ல ராக்காயின்னு ஒருத்தி. அவ மக பூவாத்தாளுக்கு மூணு வயசு. உப்புத்தண்ணியக் குடிச்சுக் குடிச்சு அதுக்கு எந்நேரமும் வயித்துவலி, ஒடம்பு தேறவே மாட்டேங்குது. ராக்காயி கும்பிடாத சாமி இல்ல.

அப்போ ராசா ஒரு உத்தரவு போட்டாரு. ஊருக்கு ஒரு மழைப்பானை வைக்கணும், பௌர்ணமிக்குப் பௌர்ணமி சந்தைக்குக் கொண்டுவரணும், அளவுக்காரர் சோணாசலம் அளந்து பாப்பாருன்னு. எதுக்குன்னு மட்டும் சொல்லல. சொன்னா ஆளாளுக்குப் பித்தலாட்டம் பண்ணுவாங்கன்னு அவரு நெனப்பு. வெயிலூர்ப் பானைக்குக் காவல் நம்ம ராக்காயி.

மொத பௌர்ணமி வந்துச்சு. மலையூர்ப் பானை தளக்கு தளக்குன்னு தளும்பிக்கிட்டு வருது. தோப்பூர்ப் பானையில பாதி. ராக்காயி பானையக் கவுத்தா, டொக்குன்னு ஒரு செத்த பல்லி விழுந்துச்சு. சந்தையே சிரிச்சுது. சிரிப்பக்கூடத் தாங்கிக்கிட்டா. மலையூர்க்காரி ஒருத்தி "ஐயோ பாவம், அந்த ஊர வானம்கூட எட்டிப் பாக்கல"ன்னா பாரு, அது சுருக்குன்னு தச்சிருச்சு.

அப்புறம் ரெண்டாம் பௌர்ணமிக்கு என்ன பண்ணா தெரியுமா? கெணத்துல எறச்சு ரெண்டு செம்பு களக் களக்னு பானையில ஊத்திட்டுப் போனா. யாரும் சிரிக்கல. ஆனா ஒருத்தன் "இம்புட்டுதானா"ன்னான். ரோசக்காரி விடுவாளா? மூணாம் பௌர்ணமிக்கு முக்காப்பானை ஊத்திட்டா. எனக்கே அவள நாலு சாத்து சாத்தலாம்னு வருது. ஆனா பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

உம் எங்கட்டி? ஆங், முழிச்சுத்தான் இருக்க.

அன்னைக்கு அளவுக்காரர் எந்திரிச்சுச் சொன்னாரு. "மலையூர் ஏரியில இருந்து ராசா ஒரு வாய்க்கா வெட்டுதாரு. மூணாவது அளவுல எந்த ஊருக்கு மழை கம்மியோ, அந்த ஊருக்கு. கம்மி தோப்பூருதான். வாய்க்கா அங்க போகுது."

ராக்காயிக்குத் தான் பண்ணது அப்பத்தான் புரிஞ்சுது. வாயத் தொறந்தா ஊரு காறித் துப்பும். தொறக்கலன்னா பிள்ளை என்னாவும்? நேரா முன்னால போயி, "ஐயா, அது மழை இல்ல. நான் ஊத்துன கெணத்துத் தண்ணி. கேலி பேசுதாங்கன்னு ஊத்திட்டேன்"னு சொல்லிட்டா.

தோப்பூர்த் தலைவருக்குக் கோவம் வந்துருச்சு. "வாய்க்கான்னதும் பேச்ச மாத்துதா, நம்பாதீங்க."

"நம்ப வேண்டாம், குடிச்சுப் பாருங்க"ன்னா ராக்காயி.

அளவுக்காரர் ஒரு கை அள்ளி மடக்குன்னு குடிச்சாரு, த்தூன்னு துப்புனாரு. தலைவரும் குடிச்சாரு. அவரு மொகம் கோணிப்போச்சு.

"ஏம்மா, இதையா குடிக்கீங்க?"

"பிள்ளையளுக்கும் இதுதான்யா."

தலைவர் வாயத் தொடச்சுக்கிட்டாரு. அப்புறம் அவரே, "எங்களுக்கு வருசத்துக்குப் போதுற மழை இருக்கு. வாய்க்கா வெயிலூருக்கே போகட்டும்"னாரு. பல்லிக்குச் சிரிச்ச சந்தையில ஒருத்தர்கூட அன்னைக்குச் சிரிக்கல.

அப்புறம் நங்கு நங்குன்னு மம்மட்டி போட்டாங்க. மூணு ஊர்க்காரங்களும் சேந்துதான் வெட்டுனாங்க. ஒருநாள் சலசலன்னு தண்ணி வந்துச்சு. ராக்காயி மொத செம்பு மொண்டு பூவாத்தா வாயில வச்சா. அது ஒரு மடக்கு குடிச்சிட்டு மூஞ்சியச் சுளிச்சுது. "ஏம்மா, இதுல உப்புப் போட மறந்துட்டியா?"ன்னு கேட்டுச்சு.

ராக்காயி செம்பக் கீழ வச்சிட்டு, பிள்ளையக் கட்டிக்கிட்டு அழுதா.

கதை வாய்க்காத் தண்ணியோட போயிருச்சு. நீயும் கண்ண மூடு.