அயனி மரத்து முடிச்சு

திருவட்டாறு பக்கத்தில், வீடுகளுக்கு மேல் சாய்ந்து நிற்கும் மரங்களைக் கிளை வெட்டிக் கழித்துக் கொடுக்கிற கூட்டம் ஒன்று இருந்தது. கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஏறுகிறவர் ஒருவர், கீழே நின்று வடம் பிடிக்கிறவர் ஒருவர், விழுந்த கொம்புகளை இழுத்துப் போட ஜெபமணி என்ற பையன். மூவரில் தலைவர் சோமன். நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் எல்லோரும் அவரை ஆசான் என்றுதான் கூப்பிட்டார்கள். வடம் கட்டி மரத்தில் வேலை செய்வதை அந்த வட்டாரத்தில் முதலில் பழகியவரும், மற்றவர்களுக்குப் பழக்கியவரும் அவர்தான்.

அவரிடம் பழகியவர்களில் மூத்தவர் தாசையன். ஆசானைவிடப் பத்து வயதுக்கு மேல் மூப்பு. பாதி வாழ்நாளைப் பனையில் கழித்தவர். காலில் தளைநாரை மாட்டிக்கொண்டு மேலே ஏறினால், இறங்கும்வரை அவர் உயிருக்கு அவரே பொறுப்பு. யாரும் வந்து எதையும் தொட்டுப் பார்த்ததில்லை.

இங்கே அப்படி இல்லை. ஏறுவதற்கு முன் ஆசான் வந்து எதிரே நிற்பார். தாசையன் இரண்டு கைகளையும் தூக்கிக்கொள்ள வேண்டும். ஆசான் இடுப்பு வாரைப் பிடித்து இழுப்பார். கொக்கியை அழுத்திப் பார்ப்பார். வடத்தின் முடிச்சைத் திருப்பி, அதன் ஒவ்வொரு மடிப்பையும் விரலால் தொட்டுக்கொண்டு போவார். பிறகு, "ஏறுங்க அண்ணே" என்பார்.

சாயா குடிக்க இறங்கி மறுபடி ஏறினாலும் இதேதான். மழை கறுத்துக்கொண்டு வந்தாலும் இதேதான்.

தாசையன் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் கையைத் தூக்கி நிற்கும் ஒவ்வொரு முறையும் அவருக்குள் ஏதோ ஒன்று சுருங்கிக்கொண்டது.

அன்று ரோஸலெட் அம்மாளின் வீட்டில் வேலை. முன்பக்கம் ஒரு மாமரம், பின்பக்கம் ஒரு பெரிய அயனி. மழைக்காலத்துக்கு முன்னால் இரண்டையும் கழிக்க வேண்டும். காலையில் மாமரத்தில் தாசையன் ஏறுவதாக ஏற்பாடு. வழக்கம்போல அவர் கையைத் தூக்கி நின்றார், ஆசான் முடிச்சைத் தடவிப் பார்த்தார். வாசலில் நின்ற அந்த அம்மாள் அதைக் கவனித்துவிட்டு ஆசானிடம் கேட்டார்.

"இவரு புதுசா வந்த ஆளா?"

ஜெபமணி சிரித்துவிட்டான். "நான் பொறக்கதுக்கு முன்னாலயே பனையேறுன ஆளு அம்மா இவரு."

"பிறகு எதுக்கு இப்படிப் பாக்குதாரு?"

தாசையன் மாமரத்தில் ஏறினார். அவ்வளவு சுத்தமாக அவர் எந்த மரத்தையும் கழித்ததில்லை. ஒரு கொம்புகூட ஓட்டில் உரசவில்லை. இறங்கி வந்தபோதும் அவர் முகம் தெளியவில்லை.

சாயா குடிக்கும்போது தாசையன் ஆசானின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஆசான், ஒரு காரியம் கேக்கணும்."

"கேளுங்க."

"இது எது வரைக்கும்?"

"எது?"

"இந்தப் பாக்கது."

ஆசான் சாயாவை ஆற்றினார். "நீங்க ஏறுத வரைக்கும்."

"எனக்கு முடிச்சு போடத் தெரியாதா?"

"என்னைவிட நல்லாப் போடுவீங்க."

"அப்போ என்மேல நம்பிக்கை இல்ல."

ஆசான் சாயாவைக் குடித்து முடித்தார். கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். எழுந்து பின்பக்கம் போய், அயனியை அண்ணாந்து பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். அடுக்களை ஓட்டுக்கு மேலே ஒரு பெரிய கொம்பு நீண்டு கிடந்தது.

"இதுல நான் ஏறுதேன்," என்றார். "நீங்க வடம் பிடிங்க. ஏறுததுக்கு முன்னால என்னைப் பாருங்க."

"நான் உங்களைப் பாக்கவா?"

"ஆமா."

மணல் பையைக் கட்டி எறிந்து, மரத்தின் உச்சிக் கவையில் வடத்தைப் போட்டார்கள். ஒரு முனை ஆசானின் இடுப்புக்கு. மறுமுனை தாசையனின் கைக்கு. ஆசான் ஏற ஏறத் தாசையன் கீழே இழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். இது தவிர ஆசானின் இடுப்பிலிருந்து அடிமரத்தைச் சுற்றி வரும் சின்னக் கயிறு ஒன்று உண்டு. மரத்தை ஒட்டி ஏறும்வரை அது தாங்கும். கொம்பின் நுனிக்கு நகரும்போது அதைக் கழற்றிவிட வேண்டும். அதன்பிறகு வடம் மட்டும்தான்.

ஆசான் வடத்தை வாரில் கட்டிக்கொண்டிருந்தார். அப்போது ரோஸலெட் அம்மாள் அடுக்களை வாசலிலிருந்து கூப்பிட்டார்.

"கேஸ் சிலிண்டரு சுவரு பக்கத்துல இருக்கே. எடுக்கணுமா?"

ஆசான் திரும்பிப் பார்த்தார். "எடுத்துரணும். ஜெபமணி, நீ போய்த் தூக்கு. உள்ள யாரும் இருக்காண்டாம் அம்மா. வேலை முடியுத வரைக்கும் முன்பக்கமே இருங்க."

சிலிண்டரை நகர்த்தி, கதவைச் சாத்தினார்கள். ஆசான் கைவாளை இடுப்பில் மாட்டிக்கொண்டு, தாசையனின் முன்னால் வந்து இரண்டு கைகளையும் தூக்கி நின்றார்.

தாசையனுக்குக் கூச்சமாக இருந்தது. தனக்கு வேலை சொல்லிக்கொடுத்த மனிதர், குழந்தை சட்டை மாட்ட நிற்பதுபோல் எதிரே நிற்கிறார். தாசையன் அவர் வாரை ஒரு தட்டுத் தட்டினார். முடிச்சு இருக்கிற இடத்தில் கையை வைத்து எடுத்தார்.

"சரி ஆசான்."

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

ஆசான் ஏறினார். அவர் ஏறுவதைப் பார்க்க எப்போதும் நன்றாக இருக்கும். அவசரம் தெரியாது, நிற்பதும் தெரியாது. தாசையன் வடத்தை வாங்கிக்கொண்டே இருந்தார். காலையில் கேட்டதை நினைத்து அவருக்கு இப்போது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. தன்னிடமும் ஒரு நாள் பார்க்கச் சொன்னாரே, அதுவே மரியாதைதான் என்று தோன்றியது.

கொம்பு பிரிகிற இடத்தில் ஆசான் நின்றார். சின்னக் கயிற்றைக் கழற்றுவதற்கு முன் பின்னால் சாய்ந்து, வடத்தில் எடையைக் கொடுத்தார்.

தாசையனின் கையில் வடம் இறுகியது. அடுத்த நொடி லேசாகிப் போனது.

மேலே நெஞ்சு பட்டையில் மோதும் சத்தம் கேட்டது. சில இலைகள் உதிர்ந்தன. யாரும் கத்தவில்லை. ஆசான் ஒரு கை நீளம் கீழே விழுந்து, சின்னக் கயிற்றில் தொங்கி, அடிமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் வடத்தின் முனை காற்றில் ஆடியது. அதில் முடிச்சு இல்லை.

தாசையன் தன் கையில் இருந்ததை விடவில்லை. விடக்கூடாது என்று நினைத்துப் பிடித்திருந்தார் என்றும் சொல்ல முடியாது. விரல்கள் திறக்கவில்லை.

மேலிருந்து ஆசானின் குரல் வந்தது.

"இறங்குதேன்."

சின்னக் கயிற்றை மட்டும் வைத்துக்கொண்டு, மரத்தை அணைத்தபடி மெல்ல மெல்ல இறங்கினார். கால் தரையில் பட்டதும் அப்படியே வேரின் மேல் உட்கார்ந்துவிட்டார். கன்னத்திலும் முழங்கையிலும் தோல் உரிந்திருந்தது. ஜெபமணி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றான்.

தாசையன் எதிரே குந்தினார். ஆசான் இறங்கும்போதே அவர் மனதில் ஒரு எண்ணம் வந்திருந்தது. அது உண்மையாக இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். உண்மையாக இருந்தால் அவர் ஒரு மோசமான மாணவன், அவ்வளவுதான். இல்லையென்றால் அவர் செய்தது அதைவிடப் பெரிய தப்பு.

"ஆசான்."

"ம்."

"இது எனக்குக் காட்டுததுக்காகச் செஞ்சதுதானே?"

ஆசான் தண்ணீரைக் குடித்து முடித்தார். "இல்ல."

"காலையில நான் ஒண்ணு கேட்டேன். நீங்க பதில் சொல்லல. அதுக்குத்தான் முடிச்சை—"

"உங்களுக்குப் பதில் சொல்ல நான் எதுக்குச் சாகணும் அண்ணே?"

தாசையன் மேலே ஆடிக்கொண்டிருந்த வடத்தின் முனையைப் பார்த்தார்.

"அந்த அம்மா கூப்பிட்டாங்க," என்றார் ஆசான். "நான் திரும்பினேன். அப்போ வடத்து வாலை வாருக்குள்ள ஒரு தடவைதான் விட்டிருந்தேன். மடக்கித் திரும்ப விட்டாத்தான் முடிச்சு இறுகும். விட்டாச்சுன்னு நெனச்சுட்டேன்."

"உங்களுக்கு இப்படி வருமா?"

"வந்துட்டு."

முன்பக்கத்திலிருந்து ரோஸலெட் அம்மாள் எட்டிப் பார்த்தார். ஆசானின் முகத்தைப் பார்த்துவிட்டு, நாளைக்கு வைத்துக்கொள்ளலாமே என்றார். ஆசான் சரி என்று தலையை ஆட்டினார். அந்த அம்மாள் மருந்து எடுக்க உள்ளே போனார்.

தாசையன் இன்னும் வடத்தின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பாத்தேனே ஆசான்."

"பாத்தீங்களா?"

தாசையன் யோசித்தார். அந்த இடத்தை மனதில் திரும்பக் கொண்டுவரப் பார்த்தார். ஆசானின் கழுத்தில் வழிந்த வேர்வை ஞாபகம் வந்தது. சட்டையில் பொத்தான் போன இடம் ஞாபகம் வந்தது. சாந்தமான முகம் ஞாபகம் வந்தது. முடிச்சு ஞாபகம் வரவில்லை. அதன்மேல் கையை வைத்தது மட்டும் ஞாபகம் இருந்தது.

"உங்க முகத்தைத்தான் பாத்தேன்," என்றார்.

தாசையன் தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்களைப் போயி... எப்படி நம்பாம இருக்கது?"

ஆசான் உரிந்த முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். ஒட்டியிருந்த பட்டைத் தூளை ஊதினார். பிறகு சொன்னார்:

"வீட்டுல எல்லாரும் என்னை நம்பிக்கிட்டுத்தான் இருக்காங்க அண்ணே. நீங்க முடிச்சைப் பாத்தாப் போதும்."