தமுக்குக்கு வந்த தடுமாற்றம்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் வேங்கைமலை நாட்டைச் சேந்தமாறன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் ஒன்று சொல்வார், சாயங்காலம் அதற்கு நேர்மாறாகச் சொல்வார், இரண்டையும் நம்புவார்.

ஒருநாள் ஏரிக்கரையில் பவனி போனபோது, பட்டத்து யானை தாமரைத் தண்டைப் பார்த்துக் குனிந்தது. ராஜா தலைகுப்புறச் சேற்றில் விழுந்தார். பார்த்தவர்கள் மொத்தம் ஏழு பேர். அதில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவன் சிரித்துவிட்டான்.

அந்தச் சிரிப்பு ராஜாவைத் தூங்கவிடவில்லை. சபையில் இருந்த புலவர் வாமதேவர் இதுதான் சமயம் என்று எழுந்தார்.

"அரசே! நடந்ததைப் பேசுகிறவன் நாக்கை அறுப்பது என்று சட்டம் போடுவோம். மேற்பார்வை என் பொறுப்பு."

இந்த வாமதேவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் பாட்டுப் படித்தபோது ராஜா குறட்டை விட்டார். அன்றைக்கே, தமுக்கடிக்கும் மாசாணத்தின் குரலைக் கேட்டு, "வெண்கல மணி!" என்று புகழ்ந்தார். அதிலிருந்து வாமதேவருக்கு மாசாணம் என்றால் ஆகாது. இப்படிப்பட்டவர்களுக்கு எல்லா ஊரிலும் சொந்தக்காரர்கள் உண்டு. எனக்குத் தெரிந்தே இரண்டு பேர். பெயர் வேண்டாம், நான் மறக்கவில்லை என்பது போதும்.

ராஜா சரி என்றார், வாமதேவர் வாய்க்காவலர் ஆனார். விழுந்ததைப் பேசக் கூடாது என்றவர், மறுநாள் யானையையும் பேசக் கூடாது என்றார். பிறகு சேறு, ஏரி, சிரிப்பு. எது கூடும், எது கூடாது என்று தலைநகரத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. குயவர் தன் மனைவியிடம், "அதைக் கொண்டா" என்றார். அவள் விளக்குமாற்றைக் கொண்டுவந்தாள். கல்யாண வீட்டில், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டவன் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டான்.

அரண்மனையிலும் அதே கதைதான். ராஜாவுக்கு இடுப்பு வலி தாங்கவில்லை. வைத்தியர் வந்து, "அரசே, எங்கேயாவது கீழே..." என்று ஆரம்பித்தார். வாமதேவர் முறைத்தார். வைத்தியர் மீதியை விழுங்கிவிட்டு, "வாயுவாக இருக்கும்" என்று விளக்கெண்ணெய் கொடுத்தார். இடுப்பு வலி அப்படியே இருந்தது. ராஜா மட்டும் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தார்.

இத்தனையும் வெறும் வாய்ச்சொல்லாகத்தான் நடந்தது. ஏனென்றால் அந்த நாட்டில் ஒரு வழக்கம். தமுக்கடித்துச் சொல்லாத உத்தரவு சட்டமே ஆகாது. ஒவ்வொரு முச்சந்தியிலும் மூன்று முறை சொல்ல வேண்டும், ஜனங்கள் சந்தேகம் கேட்டால் விளக்கவும் வேண்டும். வாமதேவர் ஓலையை மாசாணத்திடம் நீட்டினார்.

மாசாணம் படித்துப் பார்த்தான். "சாமி, சொல்லக் கூடாததை நானே சொல்லும்படி ஆகுதே?"

"எழுதியிருப்பதை அடிடா! ஒரு எழுத்துக் குறைந்தாலும் ராஜத் துரோகம்."

மாசாணம் போனான். "மகாராஜா ஏரிக்கரையில் யானையிலிருந்து சேற்றில் விழுந்ததாக எவரும் பேசக் கூடாதூ... டும் டும் டும்!" முப்பத்திரண்டு ஊர். ஊருக்கு நாலு முச்சந்தி.

திரும்பி வந்ததும் அவனைக் கட்டி இழுத்துச் சபையில் நிறுத்தினார்கள். "சட்டத்தை மீறிவிட்டான் அரசே! நாக்கை அறுக்க உத்தரவிட வேண்டும்!" என்றார் வாமதேவர்.

மாசாணத்தின் பிழைப்பே அந்த நாக்குதான். ஆனாலும் குரலை விடவில்லை. "மகாராசா, குத்தம் சாட்டுறவர் குத்தத்தைச் சபையில உரக்கச் சொல்லணும். அதுதானே முறை? நான் என்ன சொன்னேனாம்?"

"சொல்லக் கூடாததைச் சொன்னான்" என்றார் வாமதேவர்.

"எதை?" என்றார் ராஜா.

"அதைத்தான், அரசே."

"அதைத்தான் என்றால் எதை?"

"தாங்கள்... அன்றைக்கு... அங்கே..."

"எங்கே ஐயா? எனக்குத் தலை சுற்றுகிறது. தெளிவாகச் சொல்லும்!"

வாமதேவர் கோபத்தில் கத்தினார்: "தாங்கள் யானையிலிருந்து சேற்றில் விழுந்தீர்கள் என்று சொன்னான்!"

மாசாணம் கைகூப்பினான். "மகாராசா, இவரும் சொல்லிட்டாரே. இவர் நாக்கு?"

ராஜா மோவாயைத் தடவினார். "அப்படியானால் இரண்டு நாக்கு."

"சரிதான். தண்டனை கொடுக்கிறவங்க காரணத்தையும் சொல்லித்தானே தீர்ப்புச் சொல்லணும், மகாராசா?"

"ஆமாம். இவர்கள் இருவரும், நான் யானையிலிருந்து சேற்றில்..." என்று ஆரம்பித்த ராஜா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு விரலிடுக்கில் கேட்டார்: "மாசாணம், ஊரில் ரொம்பச் சிரித்தார்களா?"

"பொய் சொல்ல மாட்டேன். சிரிச்சாங்க. ஆனா முப்பத்திரண்டு ஊர்லயும் ஒரே சந்தேகம்தான் கேட்டாங்க: 'ஐயோ பாவம், மகாராசாவுக்கு அடி பட்டுச்சா?' ஓலையில அது இல்ல. என்னால பதில் சொல்ல முடியல."

ராஜா கையை எடுத்தார். "பட்டது ஐயா! இடுப்பு! இத்தனை நாளாக இங்கே ஒருத்தர் கேட்கவில்லை!"

வைத்தியர் எழுந்து ஓடி வந்தார். "எனக்கு அன்றைக்கே தெரியும் அரசே, வாய் திறக்க முடியவில்லை!"

ராஜா சிரித்தார், சிரித்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டு அலறினார், அலறிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். சட்டம் ரத்து. மாசாணத்துக்கு நாக்கும் போகவில்லை, பொன் காப்பும் கிடைத்தது. அந்த ரத்தை முப்பத்திரண்டு ஊரிலும் வாமதேவரே தமுக்கடித்துச் சொல்ல வேண்டும், மாசாணம் கூடப் போய் மேற்பார்வை பார்க்க வேண்டும்.

முதல் ஊர் முச்சந்தி. வாமதேவர் தமுக்கைத் தட்டினார். "இன்று முதல் எல்லாரும் பேசலாம்!"

கூட்டத்தில் ஒருவன் கேட்டான்: "எதைச் சாமி பேசலாம்?"

வாமதேவர் வாயைத் திறந்தார். மூடினார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு மாசாணத்தின் காதருகே குனிந்து கேட்டார்:

"ஏம்பா, நான் சொல்லலாமா?"